ஸ்பெயினின் தெற்குக் கரையில் பத்து நாள்: எங்கே தங்குவது, எதை விட்டுவிடுவது?

கேள்வி இதுதான்: "ஜூன் முதல் வாரம் மாட்ரிட்டில் இறங்குகிறோம். நான், கணவர், என் அம்மா. எல்லோரிடமும் இந்திய பாஸ்போர்ட். அம்மா சுத்த சைவம், முழங்கால் வலியும் உண்டு. கையில் பத்து நாள் இருக்கிறது. தெற்குக் கடற்கரை முழுவதையும் காரில் பார்த்துவிட்டு ஜிப்ரால்டர், முடிந்தால் மொராக்கோவும் போய்வர ஆசை. நடக்குமா?"

நடக்கும். ஆனால் பத்து நாளில் பாதி காருக்குள்ளேயே கழியும், அம்மாவின் முழங்கால் மூன்றாம் நாளே மறுத்துவிடும். மலாகாவிலிருந்து கிழக்கே அல்மேரியா 200 கிலோமீட்டர். மேற்கே காடிஸ் கரையோரமாகப் போனால் இன்னும் அதிகம். இரண்டு பக்கமும் ஓடிப் பார்த்தால் எதையும் பார்த்த மாதிரி இருக்காது.

நான் பல வருடங்களாக மலாகாவில் வசிக்கிறேன். ஊரிலிருந்து வருகிறவர்களிடம் முதலில் சொல்வது இதைத்தான்: இது ஒரே கடற்கரை இல்லை. தாரிஃபா என்ற சிறு ஊரில் மத்தியதரைக் கடலும் அட்லாண்டிக்கும் சந்திக்கின்றன. அந்த முனைக்குக் கிழக்கே ஒரு கரை, மேற்கே வேறொரு கரை. தண்ணீரின் நிறம், அலை, காற்று, தட்டில் வரும் மீன், ஊர்களின் அமைப்பு எல்லாமே அங்கே மாறிவிடும். அந்த மாற்றத்தை உங்கள் கண்ணாலேயே பார்க்கிற மாதிரி பயணத்தை அமையுங்கள். மலாகாவில் தொடங்குங்கள், கிழக்கே நெர்ஹா வரை மட்டும் போங்கள், பிறகு மேற்கே திரும்பி தாரிஃபாவைக் கடந்து காடிஸில் முடியுங்கள். அல்மேரியாவையும் ஜிப்ரால்டரையும் மொராக்கோவையும் இந்த முறை விட்டுவிடலாம்.

ஜிப்ரால்டரையும் மொராக்கோவையும் விடச் சொல்வதற்கு முதல் காரணம் விசா. 1704-இல் ஆங்கிலேய, டச்சுப் படைகள் பிடித்து, 1713-இல் உத்ரெக்ட் ஒப்பந்தப்படி பிரிட்டனுக்குப் போன இடம் ஜிப்ரால்டர். இன்றும் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிதான். எல்லை விதிகள் சமீப காலமாக மாறிக்கொண்டே வருகின்றன. கையில் இருப்பது ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசா (ஸ்பெயின் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) என்றால், அங்கே போய்த் திரும்பும்போது சிக்கலாகலாம். மொராக்கோவுக்குத் தனி விசா வேண்டும், திரும்பி வர பலமுறை நுழையும் ஷெங்கன் விசா வேண்டும். தாரிஃபாவிலிருந்து டான்ஜியருக்குக் கப்பலில் ஒரு மணி நேரம்தான், ஜலசந்தி மிகக் குறுகிய இடத்தில் 14 கிலோமீட்டர்தான் என்பதெல்லாம் உண்மை. ஆனால் காற்று பலமாக வீசினால் அந்தக் கப்பலே ஓடாது. பத்து நாளில் ஒரு நாளை அதற்குப் பந்தயம் வைக்க வேண்டாம். ஆப்பிரிக்காவைப் பார்க்கத்தான் ஆசை என்றால், அல்ஹெசிராசிலிருந்து தாரிஃபா போகும் சாலையில் மேட்டின் மேல் 'மிரடோர் தெல் எஸ்த்ரேச்சோ' என்று ஒரு காட்சிமுனை இருக்கிறது. காரை நிறுத்திவிட்டு ஒரு காபியோடு நின்றால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் எதிரே மொராக்கோவின் மலையும் அதன் அடியில் உள்ள வீடுகளும்கூடத் தெரியும். அம்மாவுக்கும் ஒரு படி ஏறும் வேலை இல்லை.

சரி, பயணத்துக்கு வருகிறேன். மாட்ரிட் அடோச்சா நிலையத்திலிருந்து மலாகாவுக்கு அதிவேக ரயிலில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். அங்கே மூன்று இரவு. அதுவரை கார் வேண்டாம். நான்காம் நாள் கார் எடுத்து நெர்ஹாவில் இரண்டு இரவு, அங்கிருந்து ஒரு பகல் கிரனாடா. பிறகு மேற்கே ஒரு நீண்ட ஓட்டம், சாஹாரா தெ லோஸ் அத்தூனெஸ் என்ற மீனவ ஊரில் இரண்டு இரவு. கடைசியாக காடிஸ், இரண்டு இரவு. காரை அங்கேயே ஒப்படைத்துவிட்டு நேரடி ரயிலில் மாட்ரிட் திரும்பலாம். அது நாலு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பிடிக்கும்.

மலாகாவை விமான நிலையம் இருக்கிற ஊர் என்று மட்டும் நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். ஃபீனீசியர் காலத்துத் துறைமுகம் இது. ஊர் நடுவில் ஒரே இடத்தில் நின்றால் ரோமானியர் அரங்கமும், அதன் தலைக்கு மேல் 11-ஆம் நூற்றாண்டு முஸ்லிம் ஆட்சியாளர்கள் கட்டிய அல்கசாபா கோட்டையும் தெரியும். அந்த அரங்கம் 1951-இல்தான் வெளிப்பட்டது. அதன் மேலேயே நின்றிருந்த அரசுக் கட்டடத்தைப் பிற்பாடு இடித்துத்தான் முழுசாக வெளியே கொண்டுவந்தார்கள். கோட்டைக்கு ஏறும் பாதை செங்குத்தானது. அம்மாவுக்கு மாநகராட்சிக் கட்டடத்தின் பின்பக்கம் லிஃப்ட் இருக்கிறது, அதைக் கேட்டுப் போங்கள். இன்னும் மேலே உள்ள கிப்ரல்ஃபாரோ கோட்டைக்கு 35-ஆம் எண் பஸ் போகிறது. பிக்காசோ 1881-இல் பிறந்த ஊர் இது. அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகம் 2003-இல் திறந்தது. ஓவியத்தில் ஆர்வம் இருந்தால் அரை நாள் வையுங்கள். இல்லாவிட்டால் அந்த நேரத்தில் அதராசனாஸ் சந்தைக்குப் போங்கள். அங்கே முன்வாசலில் இருக்கும் குதிரை லாட வளைவு 14-ஆம் நூற்றாண்டுக் கப்பல் கட்டும் தளத்தின் மிச்சம். அந்தக் காலத்தில் கடல் அதுவரை வந்தது. உள்ளே இப்போது ஆலிவும் பாதாமும் மீனும் விற்கிறார்கள்.

மலாகாவில் ஒரு சாயங்காலம் கட்டாயம் ஊரின் கிழக்கே பெத்ரெகாலெஹோ, எல் பாலோ பக்கம் போங்கள். 11-ஆம் எண் பஸ் கொண்டுபோய் விடும். முன்னாள் மீனவக் குப்பங்கள் இவை. ஒரே மாடி வீடுகள் மணலைத் தொட்டுக்கொண்டு நிற்கும். கடற்கரைச் சாப்பாட்டுக் கடைகளின் முன்னால் பழைய படகு ஒன்றில் மணல் நிரப்பி, அதன் மேல் ஆலிவ் விறகை எரியவிட்டிருப்பார்கள். மத்தி மீனை வெட்டுவதில்லை, குடலும் எடுப்பதில்லை. நாணல் குச்சியைக் கத்தி மாதிரி சீவி, முள்ளுக்குக் கீழே நுழைத்து, ஐந்தாறு மீனை வரிசையாகக் கோத்து, கல்லுப்பைத் தூவி, குச்சியை மணலில் சாய்வாகக் குத்தி வைப்பார்கள். நெருப்பு மீனுக்கு நேர் கீழே இருக்காது, பக்கவாட்டில் இருக்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு ஏற்ப நெருப்பை நகர்த்துவார்கள், புகை மீனில் படக்கூடாது என்பதற்காக. அந்த வேலையைச் செய்பவர் நாள் முழுக்கக் காற்றைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். தோல் பொன்னிறமாகி எண்ணெய் சொட்டும்போது எடுத்துத் தட்டில் வைப்பார். கையால்தான் சாப்பிட வேண்டும். மே முதல் ஆகஸ்ட் வரை மத்தியில் கொழுப்பு ஏறியிருக்கும், நீங்கள் வருவது சரியான சமயம். அம்மாவுக்கு அங்கே என்ன கிடைக்கும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கடலில் இறங்குவதற்கு முன் ஒரு விஷயம். இந்தக் கடல் குளிரும். மெரினாவிலும் கன்னியாகுமரியிலும் காலை நனைத்துப் பழகியவர்கள் ஜூனில் மலாகாக் கடலில் இறங்கினால் முதலில் கத்திவிடுவார்கள். வெயில் 28 டிகிரி இருந்தாலும் தண்ணீர் 18, 20 டிகிரிதான் இருக்கும். ஜிப்ரால்டர் ஜலசந்தி வழியாக அட்லாண்டிக்கின் குளிர்ந்த நீர் மேற்பரப்பில் உள்ளே பாய்கிறது. உப்பு அதிகமான மத்தியதரை நீர் அடியில் வெளியே போகிறது. அந்தக் குளிர்ந்த ஓட்டம் நேரே வருவது மலாகா முன்னால் உள்ள அல்போரான் கடலுக்குத்தான். அப்புறம் காற்று. இங்கே எல்லோரும் காலையில் எழுந்ததும் கேட்பது, இன்று லெவாந்தேயா, போனியெந்தேயா? லெவாந்தே கிழக்குக் காற்று. மலாகாவில் அது ஈரத்தையும் அலையையும் கொண்டுவரும், தண்ணீர் கொஞ்சம் சூடாகும். போனியெந்தே மேற்குக் காற்று. கடல் தெளிந்து கண்ணாடி போல இருக்கும், ஆனால் குளிரும். இது போக தெர்ரால் என்று ஒன்று உண்டு. உள்நாட்டிலிருந்து மலை இறங்கி வரும் வறண்ட காற்று. அது வீசும் நாளில் ஊரே 40 டிகிரியில் வேகும். அதே நேரத்தில் அந்தக் காற்று மேல்நீரைக் கடலுக்குள் தள்ளிவிடுவதால், அடியில் இருக்கும் குளிர்ந்த நீர் மேலே வந்துவிடும். உடம்பு கொதிக்கிறது என்று கடலுக்கு ஓடினால் கால் மரத்துப்போகும். அன்றைக்கு அம்மாவை மதியம் வெளியே அழைத்துப் போகாதீர்கள்.

மலாகாவுக்கு மேற்கே டோரெமொலினோஸ், பெனால்மாதெனா, ஃபுவென்ஹிரோலா வரை புறநகர் ரயில் போகிறது. விமான நிலையத்தைத் தொட்டுச் செல்லும் அதே சி-1 ரயில்தான். படம் படமாக விளம்பரங்களில் வரும் 'கோஸ்தா தெல் சோல்' இதுதான். 1950-களின் கடைசியில் முதல் பெரிய ஹோட்டல்கள் எழுந்தன. பிறகு கடலோர மண் ஒரு அடி விடாமல் கட்டடமாயிற்று. வயதானவர்கள் நடக்க நல்ல சமதளமான கடலோரப் பாதை இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே தங்கி மூன்று நாள் செலவழித்தால் ஸ்பெயினைப் பார்த்ததாக ஆகாது. வீட்டு வாடகை சுற்றுலா விடுதிகளால் ஏறிப்போனதை எதிர்த்து 2024-இல் மலாகாவில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அதனால் ஊருக்குள் தங்கும்போது குடியிருப்புக் கட்டடத்தில் உள்ள வாடகை ஃபிளாட்டைவிட ஹோட்டலையோ சிறு விடுதியையோ எடுங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

இனி கிழக்கே. மலாகாவிலிருந்து நெர்ஹா 50 கிலோமீட்டர் சொச்சம். வேகச் சாலை உண்டு. ஆனாலும் திரும்பும்போதாவது பழைய கரையோரச் சாலையான என்-340-இல் வாருங்கள். வழியெங்கும் கடலைப் பார்த்தபடி தனித் தனியாகக் கல் கோபுரங்கள் நிற்கும். வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கடற்கொள்ளையரைக் கண்டதும் தீ மூட்டித் தகவல் சொல்லக் கட்டியவை அவை.

அந்தச் சாலையைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் சுற்றுலாக் கையேடுகள் இதைச் சொல்வதில்லை. ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது, 1937 பிப்ரவரி 8 அன்று, பிற்பாடு சர்வாதிகாரியாக ஆண்ட பிராங்கோவின் படையும் இத்தாலியப் படையும் மலாகாவைப் பிடித்தன. அதற்கு முந்தைய நாளிலிருந்தே பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் என்று பெருங்கூட்டம் இதே சாலையில் அல்மேரியாவை நோக்கி 200 கிலோமீட்டர் நடக்கத் தொடங்கியது. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் கடல். ஒதுங்க இடம் இல்லை. கடலிலிருந்து போர்க்கப்பல்கள் சுட்டன, மேலிருந்து விமானங்கள் குண்டு போட்டன. ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே செத்தார்கள். நார்மன் பெத்யூன் என்ற கனடா மருத்துவர், ரத்தம் ஏற்றுவதற்காக வைத்திருந்த வண்டியில் குழந்தைகளையும் காயம்பட்டவர்களையும் ஏற்றி அல்மேரியாவுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப வந்தார். இங்கே இதை 'லா தெஸ்பாந்தா' என்கிறார்கள். பிராங்கோ ஆட்சி முடியும் வரை யாரும் வாய்விட்டுப் பேச முடியாது. மலாகாவின் கிழக்கு ஓரத்தில் கடலோர நடைபாதை ஒன்றுக்கு இன்று 'கனடாக்காரர்கள் நடைபாதை' என்று பெயர். அந்த வழியாகத்தான் நீங்களும் நெர்ஹாவுக்குப் போகிறீர்கள்.

நெர்ஹாவில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் மேடையை 'ஐரோப்பாவின் பால்கனி' என்பார்கள். சமதளம், பெஞ்சுகள் உண்டு, அம்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். ஊருக்கு வெளியே உள்ள குகையை 1959 ஜனவரி 12 அன்று ஐந்து பையன்கள் கண்டுபிடித்தார்கள். வௌவால் பிடிக்கப் போனவர்கள். உள்ளே ஒரு சுண்ணாம்புத் தூண் 32 மீட்டர் உயரம். ஆனால் படிகள் ஏராளம். ஒருவர் அம்மாவோடு வெளியே இருக்க, இருவரும் மாறி மாறிப் போய் வாருங்கள்.

குகையைவிட எனக்குப் பிடித்தது, மேலே மலையில் உள்ள ஃப்ரிஹிலியானா. வெள்ளை அடித்த வீடுகளும் கூழாங்கல் பதித்த சந்துகளும் உள்ள ஊர், படமெடுக்க எல்லோரும் வருகிறார்கள். ஊர் நுழைவில் உள்ள பழைய மாளிகையைக் கவனியுங்கள். அங்கே இன்னும் கரும்புச் சாற்றைக் காய்ச்சிப் பாகு எடுக்கிறார்கள். ஐரோப்பியப் பெருநிலத்தில் மிஞ்சியிருக்கும் கரும்புப் பாகு ஆலை அதுதான். கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கும் தொழில் இந்தியாவிலிருந்து பாரசீகம் போய், அரபுக்களோடு இந்தக் கரைக்கு வந்தது. வடக்கே பனி மூடிய சியெர்ரா நெவாடா மலை குளிர்காற்றைத் தடுத்துவிடுவதால் இந்தச் சின்னத் துண்டு நிலத்தில் உறைபனி விழுவதில்லை, அதனால் கரும்பு பிழைத்தது. கிழக்கே சலோப்ரென்யா, மோத்ரில் வயல்களில் 2006 வரை சர்க்கரைக்காகவே கரும்பு வெட்டினார்கள். இப்போது அங்கெல்லாம் அவகாடோ, மாம்பழம், சிரிமோயா. சிரிமோயா என்பது நம் சீத்தாப்பழத்தின் நெருங்கிய உறவு. ஆண்டீஸ் மலையிலிருந்து வந்தது, தோல் வழவழப்பாக இருக்கும், உள்ளே அதே வெண்ணெய்ச் சதையும் கறுப்புக் கொட்டையும். ஜூனில் அது கிடைக்காது, இலையுதிர் காலத்திலிருந்து வசந்தம் வரைதான். உங்களுக்கு அத்திப்பழம் கிடைக்கும். கரும்புப் பாகு எல்லாக் காலத்திலும் பாட்டிலில் கிடைக்கும். அம்மா ஒரு சொட்டு நாக்கில் வைத்ததும் வெல்லப்பாகு என்று சொல்லிவிடுவார்.

கிரனாடாவுக்கு நெர்ஹாவிலிருந்து ஒன்றேகால் மணி நேர ஓட்டம். கடலிலிருந்து கிளம்பி, 3,400 மீட்டருக்கு மேல் உயர்ந்த முல்ஹாசென் சிகரம் உள்ள மலைத்தொடரைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே ஏறுவீர்கள். ஜூன் தொடக்கத்தில் உச்சியில் இன்னும் பனி இருக்கலாம். அங்கே உள்ள அல்ஹம்ப்ரா அரண்மனையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும். அதற்குள் இருக்கும் நாஸ்ரித் அரண்மனைக்கு உங்கள் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்குத்தான் விடுவார்கள், தவறினால் அவ்வளவுதான். டிக்கெட் ஒவ்வொருவர் பெயரிலும் பாஸ்போர்ட் எண்ணோடு வரும், அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். வாரக்கணக்கில் முன்னாலேயே தீர்ந்துவிடுகிறது. விமான டிக்கெட் எடுத்த மறுநாளே இதை வாங்கிவிடுங்கள்.

மேற்கே போகும் நாளில் மார்பெல்யா வழியாகத்தான் போக வேண்டும். சுங்கச் சாலை ஏபி-7, இலவசச் சாலை ஏ-7 இரண்டும் இருக்கின்றன. அன்று தூரம் அதிகம் என்பதால் சுங்கம் கட்டிப் போய்விடுங்கள். மார்பெல்யா பழைய ஊரில் ஆரஞ்சு மரங்கள் நிற்கும் சதுக்கத்தில் ஒரு காபி போதும். எஸ்தெபோனாவைத் தாண்டியதும் கட்டடங்கள் குறையத் தொடங்கும், ஜிப்ரால்டர் பாறை தனியாகக் கடலில் நிற்பது தெரியும். அல்ஹெசிராஸ் துறைமுகத்தைக் கடந்தால் மலைமேல் வரிசையாகக் காற்றாலைகள். அங்கிருந்து எல்லாம் வேறு.

தாரிஃபா ஐரோப்பியப் பெருநிலத்தின் தென்கோடி. ஊருக்கு முன்னால் ஒரு சிறு தீவு, அதற்குப் போகும் பாலம் போன்ற சாலையில் நின்றால் இடக்கைப் பக்கம் மத்தியதரைக் கடல், வலக்கைப் பக்கம் அட்லாண்டிக். பெரும்பாலான நாளில் ஒரு பக்கம் அடங்கியும் மறு பக்கம் கொந்தளித்தும் இருக்கும். இரண்டு மலைகளுக்கு நடுவே குறுகிய வாயில் என்பதால் காற்று பிதுங்கிக்கொண்டு வருகிறது. லெவாந்தே பிடித்தால் நாலைந்து நாள் விடாது அடிக்கும். மணல் கன்னத்தில் ஊசியாகக் குத்தும். பட்டம் கட்டி அலையில் சறுக்கும் இளைஞர்களுக்குக் கொண்டாட்டம், அம்மாவுக்குத் தொல்லை. அதனால்தான் தாரிஃபாவில் தங்காமல் சாஹாராவில் தங்கச் சொன்னேன். அங்கேயும் காற்று உண்டு, ஆனால் ஊர் சமதளம், சின்னது, கரை பரந்தது.

இனி சொல்வது இந்தப் பயணத்தின் நடுப்பகுதி என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு வசந்தத்திலும் நீலத்துடுப்புச் சூரை மீன் அட்லாண்டிக்கிலிருந்து முட்டையிட மத்தியதரைக் கடலுக்குள் போகிறது. ஒவ்வொன்றும் 200 கிலோ, அதற்கு மேலும். ஜலசந்தியின் இந்தக் கரையை ஒட்டியே வரும். ஃபீனீசியர் காலம் தொட்டு மனிதர்கள் அங்கே காத்திருக்கிறார்கள். நங்கூரம் போட்டுக் கடலடியில் நிறுத்திய வலைச்சுவர்கள், அறை அறையாகப் போகும். மீன் திரும்ப வழி தெரியாமல் கடைசி அறைக்கு வந்ததும், சுற்றிப் படகுகள் நின்று அடிவலையைக் கையால் மேலே தூக்குவார்கள். கடல் வெள்ளையாக நுரைக்கும். இதற்கு அல்மத்ராபா என்று பெயர். கோனில், பார்பாத்தே, சாஹாரா, தாரிஃபா என்று நான்கு இடங்களில் இன்றும் நடக்கிறது, ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை. எத்தனை டன் பிடிக்கலாம் என்று உச்சவரம்பு இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தத் தொழிலின் ஏகபோக உரிமை மெதினா சிதோனியா பிரபுக்களிடம் இருந்தது. அவர்கள் கட்டிய கோட்டை மாளிகையின் இடிந்த சுவர்கள் சாஹாரா கடற்கரையிலேயே நிற்கின்றன. இதே மீனைத் துரத்திக்கொண்டு கோடையில் ஓர்க்கா திமிங்கிலங்களும் ஜலசந்திக்கு வருகின்றன.

பார்பாத்தேயில் சூரையின் முதுகுச் சதையை உப்பில் போட்டுக் காற்றில் உலர்த்தி 'மொஹாமா' என்று விற்கிறார்கள். நல்ல கருவாட்டைப் போல அடர்ந்த சிவப்பு. வெற்றிலை அளவுக்கு மெல்லிசாகச் சீவி ஆலிவ் எண்ணெய் விட்டுத் தருவார்கள். மீன் சாப்பிடுகிற நீங்கள் இருவரும் இதைத் தவறவிட வேண்டாம்.

அந்த மீனுக்காகவே பிறந்த ரோமானிய நகரம் பக்கத்திலேயே போலோனியா என்ற கடற்கரையில் கிடக்கிறது. பெயர் பாயேலோ கிளாவ்தியா. கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தது, கிளாவ்தியுஸ் பேரரசர் காலத்தில் நகராட்சித் தகுதி பெற்றது. சந்தை, நீதிமன்றம், கோவில்கள், அரங்கம் எல்லாம் அடித்தளத்தோடு தெரியும். கீழே கடலை ஒட்டி, தரையில் குழி குழியாகத் தொட்டிகள் இருக்கும். சில வட்டம், சில சதுரம். சூரையை வெட்டி உப்பு அடுக்கடுக்காகப் போட்டு ஊறவைத்த தொட்டிகள் அவை. மீனின் குடலையும் ரத்தத்தையும் உப்போடு வெயிலில் நொதிக்கவைத்து வடித்த 'காரும்' என்ற சாறு, சாடியில் அடைத்து ரோம் வரை போனது. தொட்டியின் ஓரத்தில் நின்று கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போலக் கடல், அதற்கு அப்பால் ஆப்பிரிக்கா. நகரத்தை நிலநடுக்கங்கள் சிதைத்தன, பிறகு ஆட்கள் விட்டுப்போனார்கள், மணல் மூடிக்கொண்டது. அந்த மணல் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. கரையின் மறு ஓரத்தில் 30 மீட்டர் உயரத்துக்கு ஒரு மணல்மேடு, லெவாந்தே வீசும்போதெல்லாம் பைன் காட்டை விழுங்கிக்கொண்டு உள்ளே போகிறது. நுழைவுக் கட்டணம் மிகக் குறைவு. திங்கட்கிழமை மூடியிருக்கும், அதைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள். நிழலே கிடையாது, காலையிலேயே போய்விடுங்கள்.

சாஹாராவிலிருந்து காடிஸ் போகும் வழியில் வெஹேர் என்ற வெள்ளை ஊர் குன்றின் மேல் இருக்கிறது. அழகுதான், ஆனால் மேடு. 1805 அக்டோபர் 21-இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் வென்று உயிர்விட்ட கடற்போர் நடந்தது ட்ரஃபால்கர் முனைக்கு அப்பால். முனையில் ஒரு கலங்கரை விளக்கமும் நல்ல சூரிய அஸ்தமனமும் உண்டு. ஜூனில் இங்கே சூரியன் இரவு ஒன்பதரைக்கு மேல்தான் மறையும்.

காடிஸ் கடலால் சூழப்பட்ட ஊர். ஒரு மெல்லிய நிலத்துண்டும் பாலங்களும்தான் அதை நிலத்தோடு இணைக்கின்றன. முழுக்கச் சமதளம், குறுகிய நிழலான தெருக்கள், எந்தப் பக்கம் நடந்தாலும் பத்து நிமிடத்தில் கடல். லெபனான் கரையில் உள்ள தீர் நகரத்து ஃபீனீசியர்கள் நிறுவியது. மேற்கு ஐரோப்பாவில் மனிதர் விடாமல் வாழ்ந்துவரும் மிகப் பழைய நகரங்களில் ஒன்று. பொம்மலாட்ட அரங்கம் ஒன்றின் அடியில், தற்போதைய தெருவுக்குப் பல மீட்டர் கீழே, அந்தக் காலத்துத் தெருவும் வீட்டு அடுப்பும் காணலாம். இந்தியாவுக்கு வழி தேடிய கொலம்பஸ் தன் இரண்டாம் பயணத்துக்கு 1493-இல் 17 கப்பல்களோடு கிளம்பியது இங்கிருந்துதான். 1717-இல் அமெரிக்க வாணிபத்தின் அலுவலகம் செவில்யாவிலிருந்து இங்கே மாறியதும் வியாபாரிகள் வீட்டு மாடியில் கோபுரம் எழுப்பித் தங்கள் கப்பல் வருகிறதா என்று பார்த்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கோபுரங்கள் இன்னும் நிற்கின்றன. தாவிரா கோபுரத்தில் ஏறினால் அத்தனையையும் பார்க்கலாம். லிஃப்ட் இல்லை, அம்மா கீழே காபிக்கடையில் இருக்கட்டும்.

காடிஸில் செய்ய வேண்டிய வேலை, சாயங்காலம் லா கலேத்தா கடற்கரையில் உட்காருவது. மலாகாவில் கடல் ஏறி இறங்குவதே தெரியாது. இங்கே அட்லாண்டிக், பெரிய ஓதத்தில் மூன்று மீட்டர் வரை ஏறி இறங்கும். நீர் வடிந்ததும் பாறைத்தளம் வெளிப்பட்டு, படகுகள் மணலில் சாய்ந்து கிடக்கும், பிள்ளைகள் வாளியோடு நண்டு தேடுவார்கள். உள்ளூர்ப் பெண்கள் மடக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு பிங்கோ ஆடிக்கொண்டிருப்பார்கள். அம்மாவுக்கு இந்த ஊர் பிடிக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அம்மாவின் சாப்பாடு. 'சைவம்' என்று சொன்னால் இங்கே பலர் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி வேண்டாம் என்று மட்டும் புரிந்துகொண்டு சாலட்டில் சூரையைப் போட்டுத் தருவார்கள். அதனால் "சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ, சின் அத்தூன்" என்று அடுக்கிச் சொல்லுங்கள்: இறைச்சி, உப்பிட்ட பன்றித் தொடை, மீன், சூரை எதுவும் இல்லாமல். மலாகாவில் பொரித்த கத்தரிக்காய் மேல் கரும்புப் பாகு ஊற்றித் தருவார்கள், அருமையான பண்டம். ஆனால் மீன் பொரித்த அதே எண்ணெயிலா என்று கேட்டுவிடுங்கள். கடற்கரைக் கடைகளில் பெரும்பாலும் அதே எண்ணெய்தான். தக்காளிக் குளிர் சூப்பான கஸ்பாச்சோவில் பிரச்சினை இல்லை. கெட்டியான சல்மொரேஹோவின் மேல் முட்டையும் ஹமோனும் தூவுவார்கள், முன்னாலேயே தடுக்க வேண்டும். பாதாம், பூண்டு, ரொட்டி, ஆலிவ் எண்ணெய் அரைத்த அஹோப்லாங்கோ என்ற வெள்ளைக் குளிர் சூப், மேலே திராட்சையோடு வரும். வெயிலுக்கு இதைவிட நல்லது கிடையாது. கொண்டைக்கடலையும் பசலைக்கீரையும் சீரகம் போட்டுச் செய்வது காடிஸ் பக்கம் உண்டு. இறைச்சிச் சாறு சேர்த்தார்களா என்று மட்டும் கேளுங்கள். காடிஸின் பெயர்போன மொறுமொறு அப்பத்தைக் கோதுமை மாவோடு நம் கடலை மாவும் கலந்து செய்கிறார்கள், ஆனால் அதில் பொடி இறால் இருக்கும், அம்மாவுக்கு ஆகாது. குரோக்கெட்டா என்ற பொரித்த உருண்டைகளில் பாதிக்கு மேல் ஹமோன் இருக்கும்.

சமையலறை நேரம் இன்னொரு சிக்கல். மதியச் சாப்பாடு ஒன்றரை முதல் நாலு வரை, பிறகு எட்டரை வரை பல இடங்களில் அடுப்பே எரியாது. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதுவரை காத்திருக்க முடியாது. மதியம் 'மெனு தெல் தியா' என்ற அன்றைய சாப்பாட்டை நிறைவாகச் சாப்பிட்டுவிட்டு, இரவுக்கு ரொட்டி, தயிர், பழம் வாங்கி அறையில் வைத்துக்கொள்ளுங்கள். மலாகாவிலும் ஃபுவென்ஹிரோலா வரையிலும் இந்திய உணவகங்கள் உண்டு. தாரிஃபாவுக்கு அப்பால் அவற்றை எதிர்பார்க்காதீர்கள். சாஹாராவில் சமையலறையோடு கூடிய விடுதி எடுத்தால் அம்மா ஒரு வேளை சாதம் வடித்துக்கொள்வார்.

கார் விஷயம். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்து வாருங்கள். ஆட்டோமேட்டிக் கியர் வேண்டும் என்றால் முன்பதிவிலேயே குறிப்பிட வேண்டும். மலாகாவில் எடுத்து காடிஸ் பக்கம் விடுவதற்குத் தனிக் கட்டணம் இருக்கும், அதையும் சேர்த்து விலையை ஒப்பிடுங்கள். வெள்ளை ஊர்களின் சந்துகளுக்குள் வழிகாட்டிச் செயலி சொல்வதை நம்பிக் காரை நுழைக்காதீர்கள். ஊர் வாசலிலேயே நிறுத்தி நடங்கள். நீலக் கோடு போட்ட இடத்தில் நிறுத்தக் காசு, வெள்ளைக் கோட்டில் இலவசம். போலோனியா போன்ற கடற்கரைகளில் பெட்டி படுக்கையைக் காருக்குள் கண்ணில் படுகிற மாதிரி வைத்துவிட்டுப் போகவே கூடாது.

வாங்க வேண்டிய வரிசை இது: முதலில் அல்ஹம்ப்ரா, அந்தத் தேதியை வைத்து நெர்ஹா அறை, பிறகு சாஹாரா அறை, ஏனென்றால் சூரைப் பருவத்தில் அந்தச் சின்ன ஊர் சீக்கிரம் நிறைந்துவிடும். அதன் பின் கார், கடைசியாக ரயில் டிக்கெட்டுகள். லெவாந்தே நாலு நாள் விடாமல் வீசும் என்று வானிலை சொன்னால், சாஹாராவில் ஓர் இரவைக் குறைத்துக் காடிஸில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஊரின் குறுகலான தெருக்களுக்குள் அவ்வளவு காற்று வராது. இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையாகப் பதிவு செய்திருந்தால் இந்த மாற்றத்துக்குப் பணம் போகாது.